அம்மாடியின் பொருளும் மூலமும்

என் மகளுக்குப் பொருள் இல்லை என்று ஆணையத்திலிருந்து தகவல் வந்தபோது என் வீட்டுக்காரர் முதலில் நினைத்தது பணத்தைத்தான்.

"பிறந்து மூணு மாசம்கூட ஆகலை. அதுக்கு என்ன பொருள் இருக்கும்? நமக்கே இல்லை" என்றார்.

அடுத்த வரியைப் படித்ததும் அவர் முகம் இன்னும் குழம்பியது. குழந்தைக்கு மூலம் உண்டா என்று பெற்றோர் நேரில் வந்து தெரிவிக்க வேண்டுமாம்.

"அதெல்லாம் எங்க பக்கத்துல யாருக்கும் கிடையாது. உங்கப்பாவுக்கு இருந்துதா?"

"ஐயோ, அந்த மூலம் இல்லைங்க. பேருக்குக் கேக்கறாங்க."

"பேருக்குக் கேக்கறதுன்னா எதுக்குக் கேக்கணும்? விட்டுட வேண்டியதுதானே."

அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சிக்கலும் ஏறும் அல்லது இறங்கும், நடுவில் நின்றால் கையால் சுற்றிக்கொள்ளலாம் என்று நம்புகிறவர். எனக்கு அப்படி இல்லை. பயம் எனக்கு எப்போதும் முழங்காலில்தான் தொடங்கும். முதலில் மூட்டுக்குப் பின்னால் ஒரு குளிர்ச்சி. பிறகு நிற்கிற தரை நம்முடையது இல்லை என்று தோன்றும். அந்தத் தாளை வாங்கியபோதே எனக்கு உட்கார இடம் தேவைப்பட்டது.

மகளிர் பெயர்ப் பொருள் மற்றும் மூல ஆணையம் எங்கள் ஊருக்கு வந்தபோது அதைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. தெருமுனையில் மேடை போட்டு, அதன் தலைவர் ஒலிபெருக்கியில் பேசினார். நல்ல குரல். நானும் ஜன்னலோரம் நின்று கேட்டேன்.

"ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தோம். பனி பெய்யும் நாட்டில் ஒரு பெண்ணின் பெயருக்கு முத்து என்று பொருள். மணல் பறக்கும் நாட்டிலும் முத்து. கடலையே பார்க்காத நாட்டிலும் முத்து! பிறகு பூ, விளக்கு, தேனீ, மான், புறா. இதிலிருந்து என்ன தெரிகிறது? பெண் ஒரு பொருள் என்பதில் உலகத்தில் எங்குமே கருத்து வேறுபாடு இல்லை."

கைதட்டினார்கள். நானும் தட்டியிருப்பேன், கையில் துணி இருந்தது.

கூட்டத்தில் ஒருவர், ஆண்களின் பெயர்களை ஏன் ஆராயவில்லை என்று கேட்டார். தலைவர் புன்னகைத்தார். "ஆணின் பெயர் அவனைக் கூப்பிடுவதற்கு. அவன் வந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. பெண்ணின் பெயர் அவள் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதற்கு."

"உங்க பேருக்கு என்ன அர்த்தம் ஐயா?"

"அதுக்கெல்லாம் நேரம் ஏது? நாள் முழுக்க இவங்க வேலையே சரியா இருக்கே."

அதன்பிறகு ஒவ்வொரு பெண்ணுக்கும் பொருள் சொல்லி அட்டை வந்தது. பொருள் தெரிந்துவிட்டால் அதன்படி நடக்க வேண்டும். நடக்கிறோமா என்று பார்க்கத் தெருவுக்கு ஒரு கண்காணிப்பாளரைப் போட்டார்கள். என் பெயருக்கு விடியல் என்று பொருள் வந்தது. அதனால் சூரியனுக்கு முன்னால் நான் எழுந்துவிட்டேனா என்று பார்க்க அவர் இருட்டோடு வந்து கதவைத் தட்டுவார். நான் முகம் காட்ட வேண்டும். குழந்தை பிறந்தபிறகு அதில் சிரமம் இல்லை, தூங்கினால்தானே எழுந்திருக்க. ஆனாலும் அந்தத் தட்டும் சத்தத்துக்கு என் உடம்பு பழகவில்லை. தப்பு எதுவும் செய்யாமலே தப்பு செய்தவளைப் போல ஓடிப்போய்த் திறப்பேன்.

நான் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். காத்திருப்பவர்களைக் கூப்பிடுவதும் என் வேலை. ஆண்களைப் பெயர் சொல்லியும் பெண்களைப் பொருள் சொல்லியும் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு. "பவளம் உள்ளே வரலாம்." "தேனீ, உங்களுக்கு அடுத்து." "கசப்பு யாருங்க? கசப்பு?" கசப்பு எழுந்து வருவார், இனிப்பு தின்றே பல்லைக் கெடுத்துக்கொண்ட ஓர் அம்மாள்.

ஒருநாள் கல்லூரி முதல்வர் ஒருவர் வந்தார். நிமிர்ந்து நடக்கிற பெண்மணி. தூரதேசத்துப் பெயர் அவருக்கு. ஏதோ அரசியின் பெயர் என்று நினைத்து அவருடைய அப்பா வைத்தது. ஆணையம் தோண்டிப் பார்த்ததில் பெண்ணாடு என்று வந்துவிட்டது.

"பெண்ணாடு..." என்று நான் மெதுவாகத்தான் கூப்பிட்டேன். அவர் பக்கத்தில் இருந்த யாரையோ கூப்பிட்டதுபோல் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தார்.

மேல்வரிசையில் முன்பல் ஒன்று கட்ட வேண்டும். டாக்டர் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது கண்காணிப்பாளர் உள்ளே வந்தார்.

"ஆட்டுக்கு மேல முன்பல் கிடையாது டாக்டர்."

"இவங்க ஆடு இல்லையே சார்."

"பேர்ல இருக்கே."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். முதல்வரால் பதில் சொல்ல முடியவில்லை, வாயில் அளவுத்தட்டு இருந்தது.

"கீழ்வரிசைன்னா தாராளமா கட்டிக்கட்டும். நாங்க ஒண்ணும் ஈவிரக்கம் இல்லாதவங்க இல்லை" என்றார் கண்காணிப்பாளர்.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் கையால் வாயை மறைத்துக்கொண்டே பாடம் நடத்துவதாகச் சொன்னார்கள். வீட்டில் இதைச் சொன்னபோது என் தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, புல்லாவது போட்டீங்களா அவங்களுக்கு?"

அதுவரைக்கும் சிரிக்க முடிந்தது. ஏனென்றால் அதுவரைக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

என் தங்கச்சி பஸ் கண்டக்டர். எங்களோடுதான் இருக்கிறாள். அவள் பஸ் வருவது அடுத்த தெருவிலேயே தெரியும். "படியில நிக்கறவங்க மேல ஏறி வாங்க, உள்ள என்ன பாம்பா இருக்கு?" "அண்ணே, சில்லறை இல்லைன்னா இறங்கி நடங்க, தொப்பை குறையும்." வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. தூக்கத்திலும் விசில் கொடுப்பாள். அவள் பெயருக்கு அமைதி என்று பொருள் வந்தது.

என் மகள் பிறந்த அன்று அவள் பணியுடுப்போடு, தோளில் பையோடு, நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். துணியில் சுற்றியிருந்த குழந்தையைப் பார்த்தாள். அவளுக்கே பேச்சு நின்றுவிட்டது. பிறகு, "அம்மாடி!" என்றாள்.

குழந்தை தலையைத் திருப்பியது.

"பாத்தியா அக்கா? கூப்பிட்டா திரும்பறா!" மறுபடி "அம்மாடி" என்றாள். மறுபடி திரும்பியது. அவ்வளவுதான், பெயர் அமைந்துவிட்டது. மருத்துவமனையில் கேட்டபோது அதையே சொன்னேன். சின்னப் பெண்ணை எல்லாரும் ஆசையாகக் கூப்பிடுகிற சொல்தானே, அதற்கு என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் பஸ்ஸில் யாரோ புகார் கொடுத்தார்கள். அமைதி கத்துகிறாள் என்று. பொருள் பொருத்தப் பயிற்சிக்கு என்று வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வேனின் பின்கண்ணாடி வழியாகவும் அவள் எதையோ சொல்லிக்கொண்டே போனாள்.

திரும்பி வந்தபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. துணி சுத்தமாக இருந்தது. தலை வாரியிருந்தது. ஆனால் பேச்சு இல்லை. பஸ்ஸில் கையை உயர்த்தி விரல்களால் நிறுத்தம் காட்டினாள். வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரை எடுத்து என் முன்னால் வைத்தாள். அங்கே என்ன செய்தார்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

எனவே என் மகளுக்குப் பொருள் இல்லை என்ற தகவல் வந்தபோது அது எனக்கு ஒரு தாளாகத் தெரியவில்லை. வேனின் பின்கண்ணாடியாகத் தெரிந்தது. நல்ல பொருள் ஒன்று கிடைக்காவிட்டால் ஆணையமே ஒன்றைத் தரும். அந்தப் பொருளுக்குள் என் மகளை மடித்து வைப்பார்கள்.

குறித்த நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனோம். தங்கச்சியும் கூட வந்தாள். வரச்சொல்லி நான் கேட்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஆணையத்தின் கூடம் நீளமாக இருந்தது. பெஞ்சுகளில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நதி என்று பொருள் வந்த ஒருத்தி மட்டும் உட்காரக்கூடாது என்பதால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். அவள் கால் வீங்கியிருந்தது. மொட்டு என்று வந்த ஒரு பாட்டியம்மா, இனிமேல் எப்படி மலராமல் இருப்பது என்று விளக்கம் கேட்க வந்திருந்தார்.

முதலில் எங்களைப் பொருளாளரிடம் அனுப்பினார்கள். அவரைப் பார்த்ததும் வீட்டுக்காரர் சட்டைப்பையில் கைவிட்டார். "எவ்வளவு சார் கட்டணும்?"

"நான் அந்தப் பொருளாளர் இல்லை. பொருளை ஆள்பவன்" என்றார் அவர். "குழந்தையின் பெயர்?"

"அம்மாடி" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இது பெயரே இல்லையம்மா. இடைச்சொல்."

"இடையில எங்கேயும் சொல்லலைங்க. பிறந்த உடனே சொன்னது" என்றார் வீட்டுக்காரர்.

பொருளாளர் அவரை விட்டுவிட்டு என்னிடம் பேசினார். "இடைச்சொல் தானாக நிற்காது. பெயரையோ வினையையோ சார்ந்துதான் வரும். தனக்கென்று ஒன்றும் கிடையாது. பக்கத்தில் இருப்பதற்கு அழகு சேர்க்கும், அவ்வளவுதான்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி யோசித்தார். "உண்மையில் ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் இருக்க முடியாது. ஆனால் விதியில் இடமில்லை. கையிருப்பைப் பாருங்கள்."

கையிருப்பு என்பது சுவர் முழுக்க இழுப்பறைகள் உள்ள ஓர் அறை. எழுத்தர் ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினார். பூக்கள் காலி. மணிகள் காலி. ஒளி சம்பந்தப்பட்ட எல்லாமே காலி.

"நேத்துவரைக்கும் ஒரு நட்சத்திரம் இருந்துச்சும்மா" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தலைவரோட மச்சினிச்சிக்குப் பேத்தி பிறந்திருக்கு. போயிடுச்சு."

"வேற?"

அடி இழுப்பறையைக் காலால் தட்டித் திறந்தார். "பணிந்தவள். நிறைய இருக்கு. எல்லா நாட்டு வகையிலயும் இருக்கு. இதுதான் என்னைக்கும் தீராது."

பணிந்தவள். நான் குழந்தையின் கழுத்தைப் பார்த்தேன். இப்போதுதான் நிற்கத் தொடங்கியிருந்த கழுத்து. தலை ஆடி ஆடி, பிடிவாதமாக மேலே வரும். அதைப் பார்க்கக் கண்காணிப்பாளர் வருவார். ஏன் நிமிர்ந்திருக்கிறது என்று கேட்பார். எனக்கு முழங்காலுக்குப் பின்னால் குளிர்ந்தது. பின்னால் தங்கச்சியின் கை என் முதுகில் வந்து நின்றது. பழைய தங்கச்சியாக இருந்தால் இந்நேரம் எழுத்தரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

கையெழுத்துப் போட வேண்டியவர் மூலப் பிரிவின் தலைவர். எல்லாரும் அவரை மூலவர் என்றுதான் சொன்னார்கள். உள்ளறையில், வெளிச்சம் குறைவான இடத்தில், அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவரை நேரில் பார்ப்பதே பெரிது என்பதுபோல எல்லாரும் எட்டி நின்றார்கள். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய இரும்புப் பலகை. அதில் "பொருளறிந்து வாழ்" என்று எழுதியிருந்தது.

பொருளாளர் காதோரம் குனிந்து எங்கள் விஷயத்தைச் சொன்னார். மூலவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு பேசினார்.

"இந்தப் பெயரின் மூலம் என்ன?"

"என் தங்கச்சி வாய்தாங்க" என்றேன்.

"ஒரு பெண்ணின் வாய் மூலமாகாது." அவர் கண்ணைத் திறந்தார். "அம்மா, நாங்கள் உங்களுக்கு எதிரிகள் இல்லை. ஒரு பெண் எங்கிருந்து வந்தாள் என்று தெரிந்தால்தானே அவளை எங்கே திருப்பி அனுப்புவது என்று தெரியும்? மூலம் தெரியாமல் ஒருத்தியை விட்டால் நாளைக்கு அவள் எங்கு வேண்டுமானாலும் போவாள். தானாக ஒரு பொருளைத் தேடிக்கொள்வாள். எனக்குத் தூக்கம் வருவதில்லை அம்மா, அதை நினைத்தால். அதற்காகத்தான் இந்த ஆணையம். நாங்கள் போனாலும் பெண்ணின் பெயர் அசையக்கூடாது! அசையவே கூடாது!"

சொல்லிக்கொண்டே மேசையை ஓங்கிக் குத்தினார்.

பலகை அவர் நாற்காலிக்குப் பின்னால் விழுந்தது. கட்டடமே இடிந்ததுபோல் ஒரு சத்தம்.

"அம்மாடி!" என்று கத்திக்கொண்டு மூலவர் மேசைமேல் ஏறிவிட்டார். "அம்மாடி!" என்றார் பொருளாளர். எழுத்தர், வாசலில் நின்ற காவலாளி, கூடத்தில் இருந்த பவளங்கள், மொட்டு, நதி, எல்லாரும் ஒரே குரலில்.

என் மகள் விழித்துக்கொண்டாள். அவளுக்குப் பயமில்லை. இத்தனை பேர் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறார்களே, யாருக்கு முதலில் திரும்புவது என்ற திணறல்தான். மூலவரைப் பார்த்தாள். பொருளாளரைப் பார்த்தாள். கடைசியில் தலையை முழுக்கத் திருப்பி என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அங்கே என் தங்கச்சி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. அவளும் கத்தியிருந்தாள். அந்தக் குரலை நான் எத்தனை பேருக்கு நடுவிலும் அடையாளம் கண்டுகொள்வேன்.

அந்த நொடியில்தான் நான் வாழ்க்கையிலேயே அதிகமாகப் பயந்தேன். அவளை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"யார் கத்தினது?" மூலவர் மேசைமேல் இருந்தபடியே கேட்டார்.

எழுத்தர் தொண்டையைச் செருமினார். "ஐயா... முதல்ல நீங்கதான்."

மூலவர் இறங்கி உட்கார்ந்தார். மற்றவர்கள் கத்தியதைக் குறித்தால் அவர் கத்தியதையும் குறித்தாக வேண்டும். இது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. பொருளாளர்தான் வழி கண்டுபிடித்தார்.

"ஐயா தம்மை மறந்து ஒரு சான்று வழங்கியிருக்கிறார்கள்" என்றார், கூடத்துக்கே கேட்கும்படி. "அம்மாடி என்பது அச்சத்தில் பிறப்பது என்று நாம் அனைவரும் கண்டோம். ஆகவே அதன் பொருள் அச்சம்! பெண்ணுக்கு வேண்டிய குணங்களில் முதலாவது! இப்படி ஒரு நல்ல பெயர் நம் கையிருப்பில்கூட இல்லை."

"மூலம்?" என்றார் மூலவர், சட்டைக்காலரைச் சரிசெய்துகொண்டு.

"தாங்கள்தான் ஐயா."

அப்படியே எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அட்டையில் பெயர் அம்மாடி. பொருள்: அச்சம். மூலம்: மூலவர்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். "நாம வெச்ச பேரே கிடைச்சுடுச்சு. நட, டீ குடிக்கலாம்."

"அச்சம்னு போட்டிருக்காங்க. நாளைக்குச் சோதனைக்கு வருவாங்க. அவ பயப்படணும்."

"குழந்தைன்னா பயப்படாதா? அதெல்லாம் பயப்படும்."

அவள் பயப்படவில்லை. அன்று சாயங்காலம் முழுக்க நான் பார்த்தேன். பாத்திரத்தைத் தரையில் போட்டேன். சிரித்தாள். கதவை அறைந்தேன். இன்னொரு முறை என்பதுபோல் காலை உதைத்தாள். விளக்கை அணைத்துவிட்டு, முகத்தைக் கோணிக்கொண்டு, அவள்மேல் குனிந்து உறுமினேன். என் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அந்த இருட்டில், என் பிள்ளையைப் பயமுறுத்த நானே பழகிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை. அவள் அழுதால் பிழைத்துக்கொள்வாள். அழு என்றேன். அழுடி என்றேன். கடைசியில் அழுதது நான்தான். விளக்கைப் போட்டபோது தங்கச்சி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நேரமாக என்று தெரியவில்லை.

விடியுமுன் கதவு தட்டப்பட்டது. நான் முகம் காட்டினேன். கண்காணிப்பாளர் பதிவேட்டில் என் வரிசையில் ஒரு குறி போட்டுவிட்டு உள்ளே வந்தார். "புது வரவு இருக்காமே. எங்கே?"

குழந்தை பாயில் விழித்துக் கிடந்தாள். அவர் மண்டியிட்டு, அவள் காதருகே கையை ஓங்கித் தட்டினார். அவள் கையைப் பார்த்தாள். அவர் பல்லைக் கடித்து, கண்ணை உருட்டி, நாய்போல் குரைத்தார். அவர் நல்ல குரைப்பாளர், எனக்கே உதறியது. அவள் கொட்டாவி விட்டாள்.

"பொருத்தம் இல்லையே அம்மா" என்றார் அவர் வருத்தத்தோடு. "பயிற்சிக்கு அனுப்ப வேண்டியதுதான்."

"சார், மூணு மாசக் குழந்தை சார்."

"இந்த வயசுல ஆரம்பிச்சா நல்லாப் பதியும்மா. உங்க நல்லதுக்குத்தான்." பேனாவைத் திறந்தார்.

என் முழங்கால் தரையில் இருந்தது. எப்போது விழுந்தேன் என்று தெரியாது.

"அச்சம்னுதானே போட்டிருக்கு?"

குரல் கரகரத்திருந்தது, வெகுநாள் பூட்டிக் கிடந்த கதவைத் திறப்பதுபோல. தங்கச்சி சமையலறை வாசலில் நின்றாள்.

கண்காணிப்பாளர் திரும்பினார். "நீங்க அமைதி இல்லை?"

"ஆமா. அமைதியாத்தானே கேக்கறேன்." அவள் வந்து குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அச்சம்னு போட்டிருக்கு. யாருக்குன்னு எங்கே போட்டிருக்கு? இவ படணும்னு இருக்கா? இவளைப் பாத்து மத்தவங்க படணும்னுகூட இருக்கலாமில்ல?"

அவர் அட்டையைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"சந்தேகம்னா மூலவரையே கேளுங்க சார். மூலம் அவர்தான். நேத்து இந்தப் பேரைச் சொல்லிட்டு மேசைமேல ஏறினது யாருன்னும் சேர்த்துக் கேட்டுட்டு வாங்க. நாங்க இங்கேயேதான் இருப்போம்."

குழந்தை கண்காணிப்பாளரை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னக் குழந்தைகள் பார்ப்பார்களே, நாம் யார் என்பதை முடிவு செய்துகொண்டிருப்பதுபோல. பிறகு கையை நீட்டி அவர் விரலைப் பிடித்தாள். அவர் இழுத்தார். அவள் விடவில்லை. ஓர் அச்சத்தின் கையிலிருந்து விரலை உருவலாமா கூடாதா என்று விதியில் இருந்திருக்காது போல, அவர் அப்படியே குனிந்து நின்றார்.

அவளாக விட்டபிறகு, அட்டையில் பொருத்தம் என்று எழுதினார். எழுத்து கோணலாக விழுந்தது. குழந்தைக்கு முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து வாசலுக்குப் போனார். படியில் கால் வைக்கும்போது கைப்பிடியைத் தேடினார்.

அப்போதுதான் கவனித்தேன். அவருக்கும் முழங்காலில்தான் தொடங்குகிறது.